பழைய சோல் ரெக்கார்டிலிருந்து லோ-ஃபை பீட்: லூப் ஏன் ஒட்டுவதில்லை, என்ன செய்யலாம்

கேள்வி இதுதான்: லோ-ஃபை (வேண்டுமென்றே மங்கலாக, பழையதாக ஒலிக்கவைக்கும் ஹிப்-ஹாப் பாணி) பீட்டுக்காக, எழுபதுகளின் சோல் பாடல் ஒன்றிலிருந்து நாலு பார் (நாலு தாளச் சுற்று) வெட்டி, வேகத்தைக் குறைத்து, உயர் ஒலியை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போட்டு, மேலே வைனில் இரைச்சலும் டிரம்ஸும் சேர்த்தாயிற்று. அப்படியும் கேட்டால் பழைய பாட்டு மெதுவாக ஓடுகிற மாதிரிதான் இருக்கிறது. டிரம்ஸ் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. எங்கே பிழை? இதை வெளியிட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா?

ஃபில்டரிலும் இரைச்சலிலும் தேடாதீர்கள். பிழை அதற்கு முன்னாலேயே நடந்திருக்கும். பாடலின் எந்தத் துண்டை எடுத்தீர்கள், அதை எந்த முறையில் மெதுவாக்கினீர்கள், டிரம்ஸை எதைக் கேட்டு அடித்தீர்கள் என்பதிலேயே லோ-ஃபை ஒலியின் பெரும்பங்கு முடிவாகிவிடுகிறது. இவை சரியாக அமைந்த லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் துண்டுக்கு) எஃபெக்ட் அதிகம் வேண்டியிருக்காது.

முதலில் துண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் பாடலில் தங்களுக்குப் பிடித்த இடத்தை வெட்டுவார்கள். பெரும்பாலும் அது பல்லவியாக இருக்கும். பல்லவியில் பாடகர், கோரஸ், பிராஸ், டாம்பரின் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. உங்கள் டிரம்ஸ் உட்கார அங்கே இடமே கிடையாது. தேட வேண்டியது பாடகர் வாய் திறக்கும் முன் வரும் முன்னிசையை, சரணம் முடிந்து வாத்தியம் மட்டும் ஓடும் இரண்டு பாரை, கடைசியில் ஒலி தேய்ந்து போகும்போது பியானோக்காரர் தன் போக்கில் வாசிக்கும் சின்னத் திருப்பங்களை. நியூயார்க் ஹிப்-ஹாப் குழு வூ-டாங் கிளானின் 1993ஆம் ஆண்டுப் பாடல் ‘சி.ஆர்.இ.ஏ.எம்.’ இதற்கு நல்ல பாடம். சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு 1967இல் பாடிய ‘ஆஸ் லாங் ஆஸ் ஐ ஹேவ் காட் யூ’ பாடலின் தொடக்கப் பியானோவைத்தான் வூ-டாங்கின் தயாரிப்பாளர் ஆர்ஸா எடுத்துச் சுழல விட்டார். மூலப் பாடலில் சில வினாடிகளில் கடந்துபோகும் இடம் அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எதை எடுத்தார் என்பதைவிட எத்தனையை விட்டுவிட்டார் என்பது தெரியும்.

எந்த ஊர் ஸ்டுடியோவில் பதிவான ரெக்கார்டு என்பதும் வேலையை மாற்றும். டெட்ராய்ட்டின் மோட்டவுன் பதிவுகளில், குறிப்பாக அறுபதுகளில், இரண்டாவது நாலாவது அடிகளில் டாம்பரின் பலமாக விழும். மெதுவாக்கும்போது அது நீண்டு ‘ஷ்ஷ்’ என்று இழுத்து, நீங்கள் போடும் ஸ்னேர் டிரம்மோடு மோதும். மெம்பிஸில் ஸ்டாக்ஸ், ஹை நிறுவனங்களின் பதிவுகள் இதற்கு நேர்மாறு: வாத்தியங்கள் குறைவு, இடைவெளி அதிகம், டிரம்ஸ் வறண்ட ஒலி. வெட்ட எளிது. ஆனால் அங்கே டிரம்ஸும் பேஸும் இழையாகப் பின்னியிருப்பதால் மேலே இன்னொரு டிரம்ஸ் ஏற்றுவது கடினம். லோ-ஃபைக்கு எனக்குச் சரியாகப் படுவது ஃபிலடெல்ஃபியா: சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானவை, தாம் பெல் இசையமைத்தவை. வயலின் வரிசை, வைப்ரஃபோன், ஃப்ரெஞ்ச் ஹார்ன், சில பாடல்களில் எலக்ட்ரிக் சிதார்கூட உண்டு. ஏழாம், ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டுகள் தாராளமாக வரும். அந்தக் கார்டுகளை வேகம் குறைத்தால் மங்கலாகுமே தவிர அசிங்கமாகாது.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. அறுபதுகளின் ஸ்டீரியோ மிக்ஸ்களில் டிரம்ஸும் பேஸும் முழுக்க ஒரு பக்கம், வயலினோ கோரஸோ முழுக்க மறுபக்கம் என்று பிரித்து வைப்பது வழக்கமாக இருந்தது. ஹெட்ஃபோனில் கேட்கச் சங்கடமான அந்த மிக்ஸ், சாம்பிள் எடுப்பவருக்கு (பதிவிலிருந்து துண்டு வெட்டுபவருக்கு) வரப்பிரசாதம். பாடலை இறக்கியதும் இடது பக்கத்தைத் தனியாக, வலது பக்கத்தைத் தனியாக ஒருமுறை கேளுங்கள். பல நேரம் டிரம்ஸே இல்லாத கிட்டாரும் வயலினும் அங்கே சும்மா காத்திருக்கும். எழுபதுகளின் மிக்ஸில் பாடகரும் பேஸும் கிக் டிரம்மும் நடுவில் இருப்பார்கள். அங்கே ஒரு பக்கத்தின் ஃபேஸைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) மறு பக்கத்தோடு கூட்டினால் நடுவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பாடகர் குரலின் எதிரொலி மட்டும் ஆவிபோல மிஞ்சும். பேஸும் கிக்கும் போய்விடுகிறதே என்று வருந்த வேண்டாம், அவற்றை எப்படியும் நீங்கள்தான் புதிதாகப் போடப் போகிறீர்கள். கிடைப்பது மோனோ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ கொண்டு குரலையும் டிரம்ஸையும் பிரிக்கும் டெமக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற கருவிகள் வந்த பிறகு இந்தப் பழைய வித்தை தேவையா என்று கேட்கலாம். அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் சிம்பலும் குரலும் ஒரே அலைவரிசையில் மோதும் இடத்தில் தண்ணீருக்குள் கேட்பது போன்ற ஒரு நெளிவு மிஞ்சும். வேகம் குறைத்தால் அந்த நெளிவு இன்னும் விரியும். 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் மறைந்துவிடும். குரலை மட்டும் பிரித்தெடுத்து வெறுமையாக வைக்கப் போகிறீர்கள் என்றால் மறையாது.

இசைத்தட்டிலிருந்தே எடுப்பவர்களுக்கு: ஊசியின் அழுத்தம் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கட்டும். பலர் வைத்திருக்கும் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ-க்கு அது 2 கிராம். டர்ன்டேபிளை நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகினால் பேஸே இல்லாமல் மெலிந்த கீச்சொலிதான் வரும். இடையே போனோ ப்ரீஆம்ப் வேண்டும், தட்டில் குறைத்துப் பதிந்த பேஸை மீட்கும் ஆர்ஐஏஏ ஈடுசெய்தல் அங்கேதான் நடக்கிறது. கிரவுண்டு வயரை மாட்டாவிட்டால் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பதிவில் ஏறும். லூப்பாக்கினால் அது தம்பூரா மாதிரி விடாமல் கேட்கும். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். 7 அங்குல மோனோ சிங்கிளாக இருந்தால் பதிந்த பிறகு இரண்டு பக்கத்தையும் கூட்டி மோனோவாக்குங்கள். மோனோ தட்டில் இசை பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. தூசியும் தேய்மானமும் உண்டாக்கும் மேல்கீழ் அசைவு கூட்டும்போது கழிந்துபோகும், இரைச்சல் கண்ணெதிரே குறையும். அமெரிக்க சிங்கிள்கள் பல வைனில் அல்ல, ஸ்டைரீன். தேய்ந்த ஊசியில் ஒருமுறை ஓட்டினால்கூடப் பள்ளம் போய்விடும். கடையில் வாங்கிய ஃபிளாக் அல்லது வேவ் கோப்பிலிருந்து எடுப்பதும் கௌரவக் குறைச்சல் இல்லை. நன்றாக இழுத்து மெதுவாக்கப் போகிற சாம்பிளுக்கு மட்டும், தரம் குறைந்த எம்பி3 வேண்டாம். சுருக்கத்தில் உண்டான சலசலப்பு கீழே இறங்கி நடு அலைவரிசைக்கு வந்துவிடும்.

இனி வேகம். உங்கள் லூப் ‘பழைய பாட்டு மெதுவாக ஓடுவது’போல் கேட்பதற்கு முதல் சந்தேகம், மென்பொருள் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைத்திருக்கிறது என்பதுதான். ஏபிள்டனில் வார்ப், எஃப்எல் ஸ்டுடியோவில் ஸ்ட்ரெச் வகைகள் இதைத்தான் இயல்பாகச் செய்கின்றன. ஒலியைச் சிறு துகள்களாக்கி இடையே நிரப்புவதால் ஸ்னேரின் முனை மழுங்கும், பியானோவில் நடுக்கம் வரும். லோ-ஃபைக்கு வேண்டியது ரெக்கார்டை விரலால் பிடித்து மெதுவாக்குவதுபோல வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்குவது. ஏபிள்டனில் வார்ப்பை அணையுங்கள், அல்லது ரீ-பிட்ச் வகையைத் தேர்ந்தெடுங்கள். எஃப்எல்லில் ரீசாம்பிள். எந்தச் சாம்பிளரில் ஏற்றிக் கீழ்ச் சாவியை அழுத்தினாலும் இதே விளைவுதான்.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. நாலு பார் 10.2 வினாடி ஓடுகிறது என்று வையுங்கள். பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) என்பது பார்களின் எண்ணிக்கையை 240ஆல் பெருக்கி வினாடியால் வகுத்தது: 960ஐ 10.2ஆல் வகுத்தால் 94.1. மூன்று செமிடோன் (அரைச்சுரம்) இறக்கினால் வேகம் 0.841 மடங்காகும், அதாவது 79.1. லோ-ஃபைக்கு ஏற்ற வேகம்தான். ஆனால் அந்தக் காலப் பதிவுகள் பல, டேப்பைச் சற்று வேகமாக ஓட்டியதாலோ ஸ்டுடியோ பியானோவின் சுருதியாலோ, இன்றைய 440 ஹெர்ட்ஸ் அளவில் நிற்பதில்லை. உங்கள் துண்டு 30 சென்ட் (ஒரு செமிடோன் 100 சென்ட்) மேலே நிற்கிறது என்றால், 3 அல்ல, 3.3 செமிடோன் இறக்குங்கள். வேகம் 77.8க்கு வரும், சுருதியும் சேரும். இதைச் செய்யாமல் மேலே கீபோர்டில் பேஸ் வாசிக்கும்போதுதான் ‘எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது’ என்ற நிலை வரும். ட்யூனரைக் கார்டின் மேல் வைக்காதீர்கள், குழம்பும். ஒற்றைப் பேஸ் சுரம் நிற்கும் இடத்தில் வையுங்கள்.

எவ்வளவு இறக்கலாம்? கருவியிசைக்கு 2 முதல் 5 செமிடோன் பாதுகாப்பு. அதற்கு மேல் போனால் டிரம்ஸ் அட்டைப்பெட்டியாகும். குரலுக்கு விதி வேறு. இரண்டு செமிடோன் இறக்கினாலே பெண் குரலில் சோர்வு தெரியும், நாலில் ஆண் குரலாகும். குரலை மேலே ஏற்றும் பாணி ஹிப்-ஹாப்பில் தனி மரபு. கான்யே வெஸ்ட் 2003இல் சாக்கா கானின் பாடலை ஏற்றியது எல்லோரும் அறிந்தது. லோ-ஃபையில் அந்தக் கீச்சுக்குரல் பின்னணியில் அமைதியாக ஓட மறுக்கும். ஒற்றைச் சொல்லாக, எட்டு பாருக்கு ஒருமுறை போட்டால் போதும்.

அந்தக் கால சாம்பிளர்களின் கதை இங்கே வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் இன்று போலி செய்யும் ஒலி அவற்றின் குறைபாடு. ஈ-மியு நிறுவனத்தின் எஸ்பி-1200 1987இல் வந்தது. 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தம் ஏறக்குறைய 10 வினாடி நினைவகம், ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் 2.5 வினாடி. அதில் நீளமான துண்டை அடக்க, 33 ஆர்பிஎம் தட்டை 45இல் ஓட்டிப் பதிந்துவிட்டு, உள்ளே சுருதியை இறக்கினார்கள். 33⅓லிருந்து 45 என்பது 1.35 மடங்கு, சுருதியில் 5.2 செமிடோன். 3.4 வினாடித் துண்டு ஏறக்குறைய 2.5க்குள் அடங்கிவிடும். விலையாகக் கொடுத்தது உச்ச அலைவரிசையை. 26.04 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 13க்கு மேல் எதுவும் தங்காது, அதை 1.35ஆல் இறக்கினால் மூல வேகத்தில் 9.6 கிலோஹெர்ட்ஸ்தான் மிச்சம்; மேலும் மூன்று செமிடோன் இறக்கினால் 8.1. கூடவே, இறக்கும்போது இயந்திரம் இடைவெளிகளைச் சரியாக நிரப்பாததால் ஒரு மெல்லிய உலோகக் கரகரப்பு ஏறிக்கொண்டது. லோ-பாஸ் ஃபில்டரால் இது வராது. ஃபில்டர் எடுக்கத்தான் தெரிந்தது, சேர்க்கத் தெரியாது.

இன்று இதைச் செலவில்லாமல் செய்யலாம். துண்டை 5.2 செமிடோன் ஏற்றி ஒரு கோப்பாக எழுதுங்கள். அதன்மேல் ஒலித் தரத்தைக் குறைக்கும் பிட்கிரஷரில் 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் வைத்து மறுபடி எழுதுங்கள். பிறகு சாம்பிளரில் ஏற்றி 8.5 செமிடோன் இறக்குங்கள். மென்பொருள் சாம்பிளரில் இடைவெளிகளை நிரப்பும் இடைக்கணிப்பின் தரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மிகக் குறைந்ததை வையுங்கள். பிட்கிரஷருக்கு முன் ஒலியளவு நன்றாக ஏறியிருக்க வேண்டும். மெல்லிய ஒலியை 12 பிட்டில் நசுக்கினால் வால்பகுதிகள் மணல் உதிர்வதுபோல் உடையும். 8 பிட்டுக்குப் போகாதீர்கள். அது வீடியோ கேம் ஒலி.

டிரம்ஸ் ஒட்டாததற்கு அடிப்படைக் காரணம் இன்னொன்று: அந்தக் காலக் குழுக்கள் மெட்ரோனோம் இல்லாமல் வாசித்தன. மேலே சொன்ன 10.2 வினாடியைப் பார் பாராக அளந்தால் 2.52, 2.54, 2.56, 2.58 என்று வரலாம். சராசரி 2.55. மொத்தம் சரியாக இருப்பதால் லூப் தொடக்கமும் முடிவும் ஒழுங்காகப் பொருந்தும். ஆனால் மூன்றாம் பார் தொடங்கும்போது சாம்பிள் உங்கள் கிரிட்டுக்கு (மென்பொருளின் சீரான தாளக் கோடுகளுக்கு) 40 மில்லிவினாடி முந்தி வந்து நிற்கும். வேகம் குறைத்த பிறகு அது 48. அந்த இடத்தில் உங்கள் கிக்கும் சாம்பிளின் கிக்கும் ‘டடக்’ என்று இரட்டை அடியாகக் கேட்கும். முதல் பாரில் சரியாக இருக்கிறதே, எங்கே போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

தீர்வு, முழு நாலு பாரை ஒரே துண்டாக ஓட்டாமல் இருப்பது. ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் வெட்டி எட்டுத் துண்டாக்குங்கள். எட்டையும் எட்டுப் பேடுகளில் வைத்து, ஒன்று ஒலித்தால் மற்றது அடங்கும்படி ஒரே மியூட் குழுவில் போடுங்கள். இப்போது ஒவ்வொரு அரைப் பாரும் கிரிட்டில் புதிதாகத் தொடங்கும். பிசகு எங்கும் சேராது. நீளம் மிஞ்சிய துண்டு அடுத்ததால் வெட்டுப்படும், அது கேட்காது. நீளம் குறைந்த துண்டின் பின்னால் ஓரிரு பத்து மில்லிவினாடி மௌனம் விழும், அது கேட்கும். அதனால் வெட்டும்போது ஒவ்வொரு துண்டின் வாலையும் அடுத்த அடி வரை நீட்டியே வையுங்கள், மியூட் குழு பார்த்துக்கொள்ளும். வெட்டுப்புள்ளி அடியின் தொடக்கத்துக்கு 2 அல்லது 3 மில்லிவினாடி முன்னால் இருக்கட்டும்; அங்கே சின்ன ஃபேட்-இன் போட்டால் ‘டிக்’ சத்தம் வராது. அடியின் நடுவில் வெட்டினால் ஸ்னேரின் முனை போய்விடும்.

துண்டாக்கியதில் இன்னொரு லாபம்: வரிசையை மாற்றலாம். மூல வரிசை 1-2-3-4-5-6-7-8 என்றால் 1-2-5-2-1-2-5-8 என்று அடித்துப் பாருங்கள். கார்டு போக்கு மூலத்தில் இல்லாததாகிவிடும், ‘பழைய பாட்டு’ என்ற உணர்வு அப்போதுதான் அறும். இதை உச்சத்தில் கேட்க வேண்டுமென்றால் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’ தொகுப்பில் ‘டோன்ட் க்ரை’. டெட்ராய்ட்காரர், 2006 பிப்ரவரி 7இல், தன் 32ஆம் பிறந்தநாளில் அந்தத் தொகுப்பை வெளியிட்டு மூன்று நாளில் காலமானவர். நியூஜெர்சியின் ராவே சிறையில் உருவான எஸ்கார்ட்ஸ் குழுவின் சோல் பாடலை முதலில் ஏறக்குறைய உள்ளபடியே ஓட விட்டு, பிறகு அதையே நறுக்கி அடுக்கிக் காட்டுகிறார். செய்முறை விளக்கம் இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்காது. லோ-ஃபையின் இன்னொரு மூலவராகச் சொல்லப்படும் ஜப்பானியர் நுஜாபெஸும் அதே 1974 பிப்ரவரி 7இல் பிறந்தவர். அவர் சாய்வு சோலைவிட ஜாஸ் பக்கம்.

இனி உங்கள் டிரம்ஸ். சாம்பிளில் ஏற்கெனவே உள்ள ஹை-ஹாட்டின் (ஜோடிச் சிம்பலின்) நடையை முதலில் கேளுங்கள், பிறகு ஸ்விங் (நடையின் சாய்வு) எண்ணை முடிவு செய்யுங்கள். அகாய் எம்பிசி சாம்பிளரின் கணக்கில் 50 சதவீதம் நேர்நடை, 66 என்பது மூன்றாகப் பிரித்த நடை. 78 பிபிஎம்மில் பதினாறாம் சுரம் ஒன்று 192 மில்லிவினாடி. 58 சதவீதம் வைத்தால் இரட்டைப்படைப் பதினாறாம் சுரங்கள் 31 மில்லிவினாடி தள்ளி விழும், 62 வைத்தால் 46. காதுக்கு இது பெரிய வேறுபாடு. லோ-ஃபையில் 56 முதல் 62 வரை பெரும்பாலும் பொருந்தும். அதன்மேல் ஸ்னேரைக் கிரிட்டிலிருந்து 8 முதல் 15 மில்லிவினாடி நகர்த்திப் பாருங்கள். பின்னால் தள்ளினால் சோம்பல். முன்னால் இழுத்துவிட்டு ஹை-ஹாட்டை மட்டும் பின்னால் விட்டால் டில்லா பாணியின் அந்தத் தள்ளாட்டம். எல்லாவற்றையும் தற்செயலாகக் கலைக்கும் ‘ஹியூமனைஸ்’ பொத்தான் இதைத் தராது. ஒவ்வொரு வாத்தியமும் தனக்கென்று ஒரே அளவில், ஒவ்வொரு பாரிலும் அதே அளவில் பிசக வேண்டும். அப்போதுதான் அது நடை, இல்லாவிட்டால் தடுமாற்றம்.

சோல் மெல்லிசைப் பாடல்களில் பல 12/8, அதாவது நாலடித் தாளம் திஸ்ர நடையில். இதன்மேல் சதுஸ்ர நடையில் ஹை-ஹாட் அடித்தால் எந்த ஸ்விங்கும் காப்பாற்றாது. மூன்றும் நாலும் உரசிக்கொண்டே இருக்கும். துண்டைக் கேட்டு ‘தகிட தகிட தகிட தகிட’ என்று கை போடுகிறதா என்று பாருங்கள். போட்டால், ஹை-ஹாட்டை எட்டாம் சுரங்களாக மட்டும் வைத்து, எட்டாம் சுர ஸ்விங்கை 66க்கு ஏற்றுங்கள். பதினாறாம் சுரமே வேண்டாம்.

சாம்பிளின் பேஸைக் கழிக்காமல் உங்கள் பேஸைச் சேர்ப்பது அடுத்த வழக்கமான பிழை. கீழ் ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 150 ஹெர்ட்ஸ் அருகில் வைத்து மூலப் பேஸை மெலியுங்கள், சைன் அலைப் பேஸை அதன் கீழே வாசியுங்கள். ஆனால் மூலப் பேஸின் மேல்சுரங்கள் 200 முதல் 400 ஹெர்ட்ஸில் இன்னும் இருக்கும். நீங்கள் வேறு சுரம் வாசித்தால் அங்கே சேறாகும். ஒன்று, மூலத்தின் சுரங்களையே பின்பற்றுங்கள்; அல்லது ஹை-பாஸை 300 வரை ஏற்றிவிட்டு உங்கள் விருப்பப்படி போங்கள். மூலப் பேஸ் வாசிப்பே அழகாக இருந்தால் நேர்மாறாகச் செய்யலாம்: அதே துண்டின் நகலை 200 ஹெர்ட்ஸுக்கு மேல் முழுக்க வெட்டி, பேஸ் டிராக்காகவே ஓட்டுவது. தொண்ணூறுகளின் நியூயார்க் தயாரிப்பாளர்கள் இதைச் சலிக்கச் சலிக்கச் செய்தார்கள்.

லோ-பாஸ் ஃபில்டரைச் சாம்பிளில் மட்டும் போடுங்கள், 12 டெசிபல் சரிவில், 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ். மொத்தக் கலவை போகும் மாஸ்டரில் போட்டுவிட்டால் ஸ்னேரின் வெடிப்பும் ஹை-ஹாட்டும் சேர்ந்து செத்து, பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரி கேட்கும். பிறகு கிக் விழும்போதெல்லாம் சாம்பிள் சற்றே ஒடுங்கும்படி சைட்செயின் கம்ப்ரசர்: அட்டாக் 2 மில்லிவினாடி, ரிலீஸ் 120, ஒடுக்கம் 3 டெசிபல். அதற்கு மேல் போனால் டான்ஸ் பாட்டின் மூச்சிரைப்பு வந்துவிடும். பாஸ் நிறுவனத்தின் எஸ்பி-303 சாம்பிளரில் உள்ள ‘வைனில் சிம்’ எஃபெக்டுக்குப் பெயர் கிடைத்தது அதன் இரைச்சலால் அல்ல, அதற்குள் இருக்கும் கம்ப்ரசரால். 2021இல் வந்த ரோலண்ட் எஸ்பி-404எம்கே2விலும் அது இருக்கிறது. இரைச்சல் குமிழைச் சுழியத்தில் வைத்துவிட்டுக் கம்ப்ரஷனை மட்டும் ஏற்றிக் கேளுங்கள்.

இரைச்சல் வேண்டும் என்றால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். மையம் விலகிய 33⅓ தட்டு 1.8 வினாடிக்கு ஒருமுறை சுற்றுகிறது, சுருதியின் அலைவும் அதே தாளத்தில், 0.56 ஹெர்ட்ஸில் வரும். பிளகின்கள் தரும் 2, 3 ஹெர்ட்ஸ் அலைவு தட்டு அல்ல, பழுதான கேசட். சுருதியை ஆட்டும் எல்எஃப்ஓவை 0.56இல், ஆழம் 5 முதல் 8 சென்ட் வைத்தால் நம்பும்படி இருக்கும். தட்டிலிருந்தே எடுத்த சாம்பிளில் ஏற்கெனவே பொரிச்சத்தம் இருக்கும், மேலே இன்னொன்று வேண்டாம். அந்தப் பொரி லூப்பில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால் கூடுதல் தாள வாத்தியமாகிவிடும். நடையோடு பொருந்தினால் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பென்சில் கருவியால் அந்த ஓர் அலையைத் திருத்துங்கள்.

உரிமை விஷயத்தை நேராகச் சொல்கிறேன். ஒரு ரெக்கார்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: பாடலை எழுதியவருடையது, பதிவைச் செய்த நிறுவனத்துடையது. சாம்பிள் எடுத்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். ‘சில வினாடிதானே, தப்பில்லை’ என்பது கட்டுக்கதை. 2005இல் அமெரிக்காவின் ஆறாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிட்ஜ்போர்ட் வழக்கில், சுருதி இறக்கி லூப்பாக்கிய இரண்டு வினாடிக் கிட்டாருக்கே உரிமம் வேண்டும் என்றது. 2016இல் ஒன்பதாம் மண்டல நீதிமன்றம் 0.23 வினாடி ஹார்ன் ஒலி பற்றிய வழக்கில் இதற்கு மாறாக, கவனிக்கத்தகாத அளவு சிறியதென்றால் மீறல் இல்லை என்றது. இரண்டு தீர்ப்பும் அவரவர் மண்டலத்தில் நிற்கின்றன. நாலு பாரைச் சுழல விடும் லோ-ஃபைக்கு அந்த இரண்டாவது தீர்ப்பு எந்த வகையிலும் கை கொடுக்காது. ‘அறுபதுகளின் பதிவு, காலாவதியாகியிருக்கும்’ என்பதும் தவறு. 1957 தொடங்கி 1972 பிப்ரவரி 14 வரை வெளிவந்த அமெரிக்கப் பதிவுகளுக்கு அங்கே 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

நடைமுறையில் முதலில் வருவது நீதிமன்றம் அல்ல, யூடியூபில் உரிமையுள்ள பாடல்களைத் தானாக அடையாளம் காணும் கன்டென்ட் ஐடி. மூன்று செமிடோன் இறக்கினால் பிடிக்காது என்று நம்ப வேண்டாம். சில நேரம் தப்பும், மாதங்கள் கழித்துப் பிடிக்கும், வருமானம் உரிமையாளருக்குப் போகும். லோ-ஃபை வெளியீட்டு நிறுவனங்கள் பல, அனுமதி பெறாத சாம்பிள் இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்கின்றன. பொய்யாகக் கையெழுத்திட்டால் இழப்பு உங்கள் தலையில். டிராக்லிப் மாதிரியான சேவைகளில் உரிமத்தோடு அசல் சோல் பதிவுகள் கிடைக்கும். கட்டணமும் பங்கு விகிதமும் மாறும் என்பதால் வாங்கும் அன்றைய விதிகளைப் படியுங்கள். இன்னொரு வழி, அந்த நாலு பாரை ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோவிலும் கிட்டாரிலும் நீங்களே வாசித்துப் பதிந்து, அதையே சாம்பிளாக வெட்டுவது. பதிவு உரிமை நீங்கிவிடும். மெட்டு மூலத்துடையதாக இருந்தால் எழுதியவரின் அனுமதி மட்டும் வேண்டும். மெட்டையும் மாற்றிவிட்டால் அதுவும் வேண்டாம். வாசித்ததை மலிவான கேசட்டில் பதிந்து திரும்ப எடுத்து, மேலே சொன்ன 12 பிட் வழியில் செலுத்தினால் பழைய ரெக்கார்டுக்கு வெகு அருகில் வரும்.

இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களுக்கும் இதே முறைதானா என்று அடுத்த கேள்வி வரும். ஒலி நுட்பத்தில் ஆம், அதே முறை. அமெரிக்க ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் மாட்லிப் 2007இல் இந்தியத் திரைப்பாடல்களை வைத்து ‘பீட் கொண்டக்டா இன் இந்தியா’ என்று தொகுப்பே போட்டார். அமெரிக்கக் குழு பிளாக் ஐட் பீஸ் 2003இல் இளையராஜாவின் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படப் பாடலை எடுத்தார்கள். அனுமதி இங்கேயும் வேண்டும்.

எது எப்படியானாலும் ஒவ்வொரு சாம்பிள் கோப்பின் பெயரிலும் பாடல், பாடியவர், நிறுவனம், ஆண்டு, எத்தனையாவது வினாடியில் எடுத்தது, எவ்வளவு செமிடோன் இறக்கியது என்று எழுதி வையுங்கள். உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.